விவிலியத் தெளிவுக் கோட்பாடு

விவிலியத் தெளிவுக் கோட்பாடு என்பது, மீட்புக்குத் தேவையான அளவில் விவிலியத்தின் செய்தி கல்லாதவருக்கும் விளங்கக்கூடியதாகவே அமைந்துள்ளது எனக் கூறும் கிறித்தவ இறையியல் கோட்பாடு ஆகும். இது 16ஆம் நூற்றாண்டின் சமயச் சீர்திருத்த இயக்கத்தில் மார்ட்டின் லூதர், உல்ரிக் சுவிங்கிளி ஆகியோரால் முன்வைக்கப்பட்டது. பின்னர் சீர்திருத்தத் திருச்சபைகள் பலவற்றின் அடிப்படைக் கொள்கைகளுள் ஒன்றானது. கத்தோலிக்கத் திருச்சபையும் கிழக்கு மரபுவழித் திருச்சபைகளும் இதனை இவ்வடிவில் ஏற்பதில்லை.

இக்கோட்பாடு தொடர்பில் இரண்டு கேள்விகள் தொடர்ந்து விவாதிக்கப்பட்டு வந்துள்ளன.

1. கிறித்தவ நம்பிக்கை இல்லாத ஒருவர் விவிலியத்தைப் புரிந்துகொள்ள இயலுமா?
2. ஒரே நூலை ஒரே நம்பிக்கையுடன் படிப்போர் ஏன் ஒன்றுக்கொன்று முரணான முடிவுகளை அடைகின்றனர்?

இவ்விரு கேள்விகளும் ஒன்றோடொன்று பிணைந்தவை. தூய ஆவியின் துணையாலேயே விவிலியம் விளங்கும் என்றால், அத்துணையைப் பெற்றோர் அனைவரும் ஒரே முடிவுக்கு வந்திருக்க வேண்டும். மொழியறிவும் இலக்கணமும் போதும் என்றால், நம்பிக்கை அற்றவரும் நம்புவோருக்கு நிகராக அதனைப் புரிந்துகொள்ளலாம். முதற்கேள்விக்குத் தரப்படும் விடை எதுவாயினும் அது இரண்டாவது கேள்வியைக் கடினமாக்குகிறது என்பதே இவ்விவாதம் நீடித்து வருவதற்கான முதன்மைக் காரணம் ஆகும்.

விவிலியத்தில் உள்ள அடிப்படைகள்

கோட்பாட்டை ஆதரிப்போரும் மறுப்போரும் விவிலியத்தையே சான்றாகக் காட்டுகின்றனர். கடவுளின் கட்டளை எட்டாத் தொலைவில் இல்லை எனக் கூறும் இணைச் சட்டம் 30:11-14, இறைவாக்கு பேதையருக்கும் அறிவூட்டுகிறது எனும் திருப்பாடல்கள் 119:130, திமொத்தேயு சிறு வயது முதலே மறைநூலை அறிந்திருந்தார் எனும் 2 திமொத்தேயு 3:15 ஆகியவை ஆதரவாகக் காட்டப்படும் பகுதிகள் ஆகும்.

இதற்கு மாறான பகுதிகளும் உள்ளன. திருத்தூதர் பணிகள் 8:26-40இல் எத்தியோப்பிய அலுவலர் ஒருவர் எசாயாவின் நூலை வாய்விட்டுப் படிக்கிறார். எனினும் விளக்குவதற்கு ஒருவர் இல்லாமல் அது தமக்கு விளங்காது என்கிறார். பவுலின் திருமுகங்களில் புரிந்துகொள்ளக் கடினமானவை சில உண்டு என்று 2 பேதுரு 3:16 வெளிப்படையாகவே கூறுகிறது.

நம்பிக்கை அற்றவரைப் பற்றிய விவாதத்தில் பெரிதும் எடுத்தாளப்படும் பகுதி 1 கொரிந்தியர் 2:14 ஆகும். தூய ஆவியைப் பெறாத மனிதர் ஆவிக்குரியவற்றை ஏற்பதில்லை, அவை அவருக்கு மடமையாகத் தோன்றும், அவற்றை அவரால் அறியவும் இயலாது என்பது இவ்வசனத்தின் கருத்து. இங்கு 'ஏற்பதில்லை' என்பதற்கு அழுத்தம் தருவோர், அவர் பொருளை அறிகிறார், ஆனால் வரவேற்பதில்லை என்கின்றனர். 'அறிய இயலாது' என்பதற்கு அழுத்தம் தருவோர், பொருளே அவருக்கு எட்டுவதில்லை என்கின்றனர். நம்பாதோரால் விவிலியத்தைப் புரிந்துகொள்ள முடியுமா என்பதைத் தீர்க்கவேண்டிய வசனத்தின் பொருளிலேயே நம்புவோரிடையே உடன்பாடு இல்லை என்பது குறிப்பிடத்தக்கது.

தொடக்கக் காலத் திருச்சபை

மறைநூலுக்குப் பொருள் கூறும் உரிமை யாருக்கு என்ற கேள்வி சீர்திருத்த இயக்கத்துக்கு மிகவும் முற்பட்டது. கி.பி. 200ஐ ஒட்டிய ஆண்டுகளில் வட ஆப்பிரிக்காவைச் சேர்ந்த தெர்த்துல்லியன், மறைநூல் திருச்சபையின் உடைமை என்றும், தவறான கொள்கையினருடன் அதன் பொருள் குறித்து வாதிடுவதே வீண் என்றும் எழுதினார். அவர்கள் படிக்கத் தெரியாதவர்கள் என்று அவர் கூறவில்லை. படிக்கும் உரிமை அற்றவர்கள் என்றே கூறினார்.

அகுஸ்தீன் தமது 'கிறித்தவப் போதனை பற்றி' எனும் நூலில் வேறொரு வழியைக் காட்டினார். ஏறத்தாழ 396இல் தொடங்கிய இந்நூலை அவர் 427ஐ ஒட்டி நிறைவு செய்தார். மூலமொழிகளைக் கற்றல், உருவகத்தை நேர்ப்பொருளிலிருந்து பிரித்தறிதல், தெளிவான பகுதிகளைக் கொண்டு தெளிவற்றவற்றை விளக்குதல் ஆகியன அவர் தந்த விதிகள். இந்நூலில் அவர் திக்கோனியுஸ் என்பவர் வகுத்த ஏழு விதிகளையும் சில எச்சரிக்கைகளுடன் பரிந்துரைக்கிறார். திக்கோனியுஸ், அகுஸ்தீன் நீண்டகாலம் எதிர்த்துப் போராடிய தொனாத்தியப் பிரிவைச் சேர்ந்தவர். எதிரணியைச் சேர்ந்த ஒருவரும் மறைநூலைச் சரியாக விளக்கக்கூடும் என்பதற்கு இது பழமையான எடுத்துக்காட்டு ஆகும்.

434ஐ ஒட்டி லெரின்ஸ் தீவைச் சேர்ந்த வின்சென்ட் எனும் துறவி, நம்புவோர் வேறுபடுவது ஏன் என்பதை நேரடியாகவே ஆராய்ந்தார். மறைநூல் ஆழமானது. ஆகவே ஒவ்வொருவரும் அதற்கு ஒவ்வொரு பொருள் கூறுகின்றனர். எனவே எங்கும், எக்காலத்திலும், எல்லோராலும் நம்பப்பட்டதே அளவுகோலாக இருக்க வேண்டும் என்பது அவர் முடிவு. பிற்காலத்தில் கத்தோலிக்கத் தரப்பினர் இவ்வாதத்தைப் பெரிதும் பயன்படுத்தினர்.

லூதரும் எராஸ்மஸும்

கிரேக்கப் புதிய ஏற்பாட்டை 1516இல் அச்சிட்டு வெளியிட்ட தெசிதேரியுஸ் எராஸ்மஸ், 1524இல் மனிதரின் விருப்புரிமை பற்றி ஒரு நூல் எழுதி லூதரை மறுத்தார். மறைநூலில் மனிதர் நுழைய இயலாத இருண்ட பகுதிகள் உண்டு என்பது அவர் நிலைப்பாடு. மேலும் அவர் லூதரின் தரப்பிடம் ஒரு கேள்வியை எழுப்பினார். மறைநூல் அவ்வளவு தெளிவானது என்றால், பல நூற்றாண்டுகளாகக் கற்றோரும் புனிதரும் அதில் தவறியது எப்படி? இரு தரப்பும் தமக்கே தூய ஆவி உண்டு என்றால், எத்தரப்பு உண்மையானது என்று சோதிப்பது எப்படி?

லூதர் 1525ஆம் ஆண்டு திசம்பரில் 'அடிமைப்பட்ட விருப்புறுதி பற்றி' எனும் நூலில் விடையளித்தார். அதில் அவர் தெளிவை இரண்டாகப் பிரித்தார்.

வெளித்தெளிவு: சொற்களிலும் வாக்கியங்களிலும் உள்ள தெளிவு. சில வசனங்கள் மங்கலாகத் தோன்றுவது சொல்லறிவும் இலக்கண அறிவும் குறைந்திருப்பதால் மட்டுமே. நூலின் மையப்பொருள் வெளிச்சத்துக்கு வந்துவிட்டது. இத்தெளிவு அனைவருக்கும் பொதுவானது.

உள்தெளிவு: இதயத்தில் ஏற்படும் தெளிவு. தூய ஆவி இல்லாமல் எவருக்கும் இது கிட்டாது. மறைநூல் முழுவதையும் எடுத்துரைக்க வல்லவரும் இத்தெளிவு இல்லையெனில் அதனை உண்மையாக அறிந்தவர் ஆகார்.

இப்பிரிவின்படி நம்பிக்கை அற்றவர் விவிலியத்தின் வாக்கியங்களைப் புரிந்துகொள்வார், ஆனால் அவை தமக்குரியவை என்று உணரமாட்டார். முதற்கேள்விக்கான இவ்விடை இன்றும் சீர்திருத்தத் திருச்சபையினரிடையே பரவலாக உள்ளது. எனினும் எராஸ்மஸின் இரண்டாவது கேள்விக்கு இது முழு விடையாகவில்லை என்பதை அடுத்துவந்த நிகழ்வுகள் காட்டின.

சூரிக், மார்பர்க் நிகழ்வுகள்

சுவிட்சர்லாந்தின் சூரிக் நகரில் சுவிங்கிளி 1522இல் இறைவாக்கின் தெளிவும் உறுதியும் பற்றி ஒரு நூலை வெளியிட்டார். கடவுளிடம் மன்றாடித் திறந்த மனத்துடன் படிப்பவருக்கு மனித விளக்கவுரைகள் தேவையில்லை என்பது அதன் சாரம். அவருடன் சேர்ந்து விவிலியம் பயின்ற கொன்ராட் கிரேபல், பெலிக்ஸ் மான்ஸ் ஆகியோர் அவ்வாறே படித்து, குழந்தைகளுக்குத் திருமுழுக்கு அளிப்பதற்கு விவிலியத்தில் ஆதாரமில்லை என்ற முடிவுக்கு வந்தனர். சுவிங்கிளி இதனை ஏற்கவில்லை. 1525 சனவரியில் அக்குழுவினர் தமக்குள் மறுதிருமுழுக்குப் பெற்றுக்கொண்டனர். 1527 சனவரி 5 அன்று நகர மன்றத்தின் ஆணைப்படி மான்ஸ் லிம்மாத் ஆற்றில் மூழ்கடித்துக் கொல்லப்பட்டார்.

1529 அக்டோபரில் எஸ்ஸே நாட்டின் ஆளுநர் பிலிப்பின் அழைப்பின் பேரில் லூதரும் சுவிங்கிளியும் மார்பர்க் கோட்டையில் சந்தித்தனர். பதினைந்து பொருள்கள் விவாதிக்கப்பட்டன. பதினான்கில் உடன்பாடு எட்டப்பட்டது. பதினைந்தாவதாகிய ஆண்டவரின் திருவிருந்தில், கிறிஸ்துவின் உடலும் இரத்தமும் அப்பத்திலும் இரசத்திலும் உண்மையாகவே உள்ளனவா என்பதில் மட்டும் உடன்பாடு ஏற்படவில்லை. அப்பத்தைத் தம் உடல் என இயேசு கூறியதை லூதர் நேர்ப்பொருளில் கொண்டார். அச்சொற்றொடரை மேசைமேல் சுண்ணக்கட்டியால் எழுதிவைத்துக்கொண்டே அவர் வாதிட்டார். அங்குள்ள 'ஆகும்' எனும் பொருளுடைய வினைச்சொல்லுக்குக் 'குறிக்கும்' என்றே பொருள் என்று சுவிங்கிளி வாதிட்டார். மறைநூலின் தெளிவை வலியுறுத்திய இருவர் ஒற்றைச் சொல்லின் பொருளில் பிரிந்தனர். இவ்விரு மரபுகளின் வழிவந்த ஐரோப்பியத் திருச்சபைகள் இதுபற்றிய பழைய கண்டனங்களை 1973இல் லொயென்பெர்க் உடன்படிக்கையின் மூலமே விலக்கிக்கொண்டன.

கத்தோலிக்க மறுமொழியும் வெஸ்ட்மின்ஸ்டர் அறிக்கையும்

திரெந்து பொதுச்சங்கம் 1546 ஏப்ரல் 8 அன்று, நம்பிக்கை, ஒழுக்கம் தொடர்பானவற்றில் திருச்சபை கொண்டுள்ள பொருளுக்கு மாறாக எவரும் மறைநூலுக்குப் பொருள் கூறலாகாது என ஆணையிட்டது. கர்தினால் ராபர்ட் பெல்லார்மின் முதலிய கத்தோலிக்க அறிஞர்கள் சீர்திருத்தவாதிகளிடையே நிலவிய பிளவுகளையே தெளிவுக் கோட்பாட்டுக்கு எதிரான சான்றாக முன்வைத்தனர். கத்தோலிக்கக் குருவான ரிச்சர்ட் சிமோன் 1678இல் பழைய ஏற்பாட்டின் மூலபாடத்தில் உள்ள சிக்கல்களை விரிவாக எழுதினார். மரபின் துணையின்றி நூலை மட்டுமே சார்ந்திருக்க இயலாது என நிறுவுவது அவர் நோக்கங்களுள் ஒன்று. ஆயினும் அந்நூல் அவர் சார்ந்த தரப்பினராலேயே தடைசெய்யப்பட்டு அழிக்கப்பட்டது.

1646இல் இங்கிலாந்தில் நிறைவு செய்யப்பட்ட வெஸ்ட்மின்ஸ்டர் நம்பிக்கை அறிக்கை, கோட்பாட்டின் எல்லையைச் சுருக்கித் துல்லியமாக்கியது. மறைநூலில் எல்லாம் ஒரே அளவு தெளிவானவை அல்ல, எல்லோருக்கும் ஒரே அளவு தெளிவானவையும் அல்ல. மீட்புக்குத் தேவையானவை மட்டும் எங்கேனும் ஓரிடத்தில் தெளிவாகக் கூறப்பட்டுள்ளன. வழக்கமான வழிமுறைகளைப் பயன்படுத்தினால் கல்லாதவரும் போதிய அளவு அறியலாம் என்பது அதன் நிலைப்பாடு. மீட்பளிக்கும் வகையில் புரிந்துகொள்வதற்குத் தூய ஆவியின் உள்ளொளி தேவை என்றும் அது கூறுகிறது.

அறிவொளிக் காலமும் அதன் பின்னரும்

பரூக் ஸ்பினோசா 1670இல் பெயர் குறிப்பிடாமல் வெளியிட்ட இறையியல்-அரசியல் ஆய்வுநூலில் முற்றிலும் மாறான நிலையை எடுத்தார். இயற்கையை ஆராய்வது போலவே மறைநூலையும் அதன் மொழி, ஆசிரியர், காலம், தொகுப்பு வரலாறு ஆகியவற்றைக் கொண்டு ஆராய வேண்டும். அதற்குத் தேவையானது எல்லோருக்கும் பொதுவான இயல்பறிவே அன்றி மேலிருந்து வரும் ஒளி அன்று என்றார். மறைநூலாசிரியர்கள் பலர் நம்பிக்கை அற்றோரை நோக்கியே பேசினர் என்பதும், அவர்கள் புரிந்துகொள்வர் என எதிர்பார்த்தே பேசியிருக்க வேண்டும் என்பதும் அவர் தந்த காரணங்களுள் அடங்கும். 19ஆம் நூற்றாண்டின் வரலாற்றுத் திறனாய்வு முறை பெருமளவு இவ்வழியில் வளர்ந்தது.

20ஆம் நூற்றாண்டில் இவ்வழிமுறையும் கேள்விக்குள்ளானது. ருடால்ப் புல்ட்மன் 1957இல், முன்முடிவுகள் இல்லாமல் விளக்கவுரை காண இயலும், ஆனால் முன்புரிதல் இல்லாமல் இயலாது எனக் கூறினார். ஹான்ஸ்-கேயார்க் காடமர் 1960இல் வெளியிட்ட 'உண்மையும் முறையும்' எனும் நூலில், எந்த நூலையும் வாசகர் தம் மரபிலிருந்து விலகி நின்று படிப்பதில்லை என வாதிட்டார். இதன்படி நம்புவோருக்கும் நம்பாதோருக்கும் தத்தம் முன்புரிதல் உண்டு.

இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் வெளியிட்ட இறைவெளிப்பாடு பற்றிய ஏடு, நூலாசிரியர் கருதிய பொருளை இலக்கிய வகைகளைக் கொண்டு ஆராய வேண்டும் என்றும், எழுதத் தூண்டிய அதே ஆவியின் துணையுடன் நூலைப் படிக்க வேண்டும் என்றும் இரண்டையும் இணைத்துக் கூறியது. நற்செய்தி இயக்கச் சீர்திருத்தச் சபையினர் 1982இல் வெளியிட்ட விவிலிய விளக்கவியல் பற்றிய சிகாகோ அறிக்கை, தூய ஆவி இல்லாத இயல்பான மனிதர் விவிலியச் செய்தியை ஆன்மிக முறையில் உணர இயலாது என்றது.

நம்பிக்கை சாராத அறிஞர்கள்

நம்பிக்கை அற்றோரும் பிற சமயத்தோரும் விவிலிய ஆய்வுக்குக் கணிசமான பங்களித்துள்ளனர். கத்தோலிக்கக் குருவாக இருந்து பின்னர் யூத மரபுக்குத் திரும்பிய கேசா வெர்மேஸ் 1973இல் 'யூதரான இயேசு' எனும் நூலை எழுதினார். ஏமி-ஜில் லெவைன், மார்க் பிரெட்லர் ஆகியோர் பதிப்பித்து 2011இல் வெளியான புதிய ஏற்பாட்டின் விளக்கவுரைப் பதிப்பு முழுவதும் யூத அறிஞர்களால் எழுதப்பட்டது. இவை கிறித்தவ அறிஞர்களாலும் பயன்படுத்தப்படுகின்றன.

தமிழ்ச் சூழலில் இதற்கு ஆறுமுக நாவலர் சிறந்த எடுத்துக்காட்டு ஆவார். யாழ்ப்பாணத்தில் மெதடிஸ்த மறைபரப்பாளர் பீட்டர் பெர்சிவலின் தலைமையில் உருவாகி 1850இல் வெளியான விவிலிய மொழிபெயர்ப்பில், நாவலர் சைவராகவே இருந்துகொண்டு பல ஆண்டுகள் துணைபுரிந்தார். பின்னர் 1854இல் வெளியிட்ட 'சைவ தூஷண பரிகாரம்' எனும் நூலில், விவிலியத்தில் கூறப்படும் கோயில் வழிபாட்டு முறைகளைச் சைவக் கோயில் வழிபாட்டுடன் ஒப்பிட்டு, மறைபரப்பாளர்களின் கண்டனங்களுக்கு அவர்களது நூலைக் கொண்டே விடையளித்தார். லூதர் கூறிய வெளித்தெளிவு நாவலருக்கு மிகுதியாக இருந்தது என்பதை மறுப்பது கடினம். உள்தெளிவு பற்றி அவரும் மறைபரப்பாளரும் உடன்பட்டிருக்க வாய்ப்பில்லை.

இக்கேள்வி நீதிமன்றத்துக்கும் சென்றுள்ளது. செருமனியின் கோட்டிங்கன் பல்கலைக்கழகத்தில் புதிய ஏற்பாட்டுப் பேராசிரியராக இருந்த கெர்ட் லூடமன், தாம் இனிக் கிறித்தவர் அல்லர் என 1990களின் இறுதியில் அறிவித்தார். பணியிலிருந்து நீக்கப்படவில்லை எனினும் அவரது பாடப்பொறுப்பு, தொடக்கக் காலக் கிறித்தவத்தின் வரலாறும் இலக்கியமும் என மாற்றப்பட்டது. இதற்கு எதிரான அவரது முறையீட்டைச் செருமனியின் கூட்டாட்சி அரசியலமைப்பு நீதிமன்றம் 2008இல் தள்ளுபடி செய்தது. ஆய்வுச் சுதந்திரத்தைத் திருச்சபையின் தன்னாட்சி உரிமையும் இறையியல் துறையின் தனித்தன்மையும் கட்டுப்படுத்தலாம் என்பது தீர்ப்பின் அடிப்படை. அவருக்குப் புதிய ஏற்பாடு விளங்குகிறதா என்பதை நீதிமன்றம் ஆராயவில்லை. ஒரு திருச்சபையின் சார்பாக அதனைக் கற்பிக்கலாமா என்பதையே ஆராய்ந்தது.

நம்புவோர் வேறுபடுவதற்கான காரணங்கள்

பொதுவாகக் குறிப்பிடப்படும் காரணங்கள் பின்வருமாறு.

மூலபாடம்: கையெழுத்துப் படிகளிடையே வேறுபாடுகள் உள்ளன. மாற்கு 16:9-20 மிகப் பழைய முழுமையான கிரேக்கப் படிகள் இரண்டில் காணப்படுவதில்லை.

மொழி: ஒரு சொல்லை மொழிபெயர்க்கும்போதே விளக்கம் தொடங்கிவிடுகிறது. ஒரே கிரேக்கச் சொல் பழைய தமிழ்ப் பதிப்புகளில் 'ஞானஸ்நானம்' எனவும், 1995இல் வெளிவந்த திருவிவிலியம் பொது மொழிபெயர்ப்பில் 'திருமுழுக்கு' எனவும் வழங்குகிறது. முன்னது ஞானத்தையும் பின்னது நீரில் மூழ்குதலையும் நினைவூட்டுகின்றன.

எப்பகுதி எப்பகுதியை ஆளும் என்பது: மனிதர் நம்பிக்கையினால் ஏற்புடையவராவதைக் கூறும் உரோமையர் 3:28உம், நம்பிக்கையினால் மட்டும் அன்று எனக் கூறும் யாக்கோபு 2:24உம் தனித்தனியே தெளிவானவை. எதனைக் கொண்டு எதனை விளக்குவது என்பதில்தான் கருத்து வேறுபாடு எழுகிறது. தெளிவானதைக் கொண்டு தெளிவற்றதை விளக்கும் விதி இங்கு உதவுவதில்லை.

மரபு: ஒவ்வொருவரும் ஒரு சபையில் வளர்ந்து, அதன் விளக்கங்களைக் கேட்ட பின்னரே நூலைத் தாமாகப் படிக்கின்றனர்.

நலன்கள்: ஐக்கிய அமெரிக்காவில் அடிமைமுறை பற்றிய விவாதம் இதற்குச் சான்று. ஆதரித்தோர் லேவியர் 25:44-46, பிலமோனுக்கு எழுதிய திருமுகம் ஆகியவற்றைக் காட்டினர். எதிர்த்தோர் மனிதரைக் கடத்துவதைத் தடைசெய்யும் விடுதலைப் பயணம் 21:16, பிறர் நமக்குச் செய்ய விரும்புவதையே நாமும் செய்யவேண்டும் எனும் மத்தேயு 7:12 ஆகியவற்றைக் காட்டினர். 1844இல் மெதடிஸ்த திருச்சபையும் 1845இல் பாப்டிஸ்த சபையினரும் இதன் பொருட்டுப் பிளவுபட்டனர். வரலாற்றாசிரியர் மார்க் நோல் 2006இல் வெளியிட்ட நூலில், விவிலிய விளக்கத்தால் தீர்க்க இயலாத இச்சிக்கலை இறுதியில் போரே தீர்த்தது என்கிறார். அடிமைமுறையை ஆதரித்ததற்காகத் தென் பாப்டிஸ்த பேரவை 1995இல் மன்னிப்புக் கோரியது.

திறனாய்வும் மறுமொழியும்

சமூகவியலாளர் கிறிஸ்டியன் ஸ்மித் 2011இல் வெளியிட்ட நூலில், நேர்மையும் கல்வியும் உடைய நம்புவோரே முக்கியப் பொருள்களில் பலவாறாகப் பிரிந்திருப்பது, விவிலியத்தை எல்லாவற்றுக்கும் விடைதரும் கையேடாகக் கருதும் போக்கைப் பொருளற்றதாக்குகிறது என வாதிட்டார்.

கோட்பாட்டை ஆதரிப்போர் இதற்கு மூவகையில் விடையளிக்கின்றனர். முதலாவதாக, தெளிவு என்பது மீட்பின் செய்திக்கே உரியது, எல்லா வசனங்களுக்கும் அன்று. இரண்டாவதாக, தூய ஆவி புதிய தகவலைத் தருவதில்லை, ஏற்கும் மனத்தையே தருகிறது. ஆகவே இலக்கணத்திலும் வரலாற்றிலும் நம்புவோரும் தவறக்கூடும். மூன்றாவதாக, குறை வாசகரிடமே உள்ளது, நூலில் அன்று. மீட்புக்குத் தேவையானவை எவை என்பதிலேயே உடன்பாடு இல்லை என்பது முதல் விடைக்கும், குறை எத்தரப்பு வாசகரிடம் உள்ளது என்பதை அறிய வழியில்லை என்பது மூன்றாவது விடைக்கும் கூறப்படும் எதிர்வாதங்கள் ஆகும். இரண்டாவது விடை நம்பிக்கை அற்றவரின் மொழிப்புரிதலை ஏற்றுக்கொள்வதால், நம்புவோர் தம்முடன் உடன்படாத ஒருவரிடமிருந்தும் நூலின் பொருளைக் கற்கலாம் என்ற முடிவுக்கு அது இட்டுச்செல்கிறது. அகுஸ்தீன் திக்கோனியுஸிடம் கற்றதும் இவ்வாறே.

இவற்றையும் பார்க்க

விவிலிய விளக்கவியல்
சமயச் சீர்திருத்த இயக்கம்
திரெந்து பொதுச்சங்கம்
தமிழில் விவிலிய மொழிபெயர்ப்புகள்
ஆறுமுக நாவலர்